சிசுக் காமாலையை ஏட்டில் எழுதுதல்

பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன சிசுவின் முகத்தில் முதலில் தோன்றி, மார்புக்கும் வயிற்றுக்கும் இறங்கி, ஓரிரு வாரத்துக்குள் பெரும்பாலும் தானே வடிந்துவிடும் மஞ்சள் நிறத்தைக் கண்டு கலங்காத தாய் இல்லை. இது சகஜந்தான் அம்மா என்று சொல்லித் தேற்றாத வைத்தியரும் இல்லை. இருவர் நிலையும் நியாயமானதே. நிறைமாதச் சிசுக்களில் 100க்கு ஏறத்தாழ 60 பேருக்கும், குறைமாதத்தில் பிறந்தவர்களில் 80 பேருக்கும் முதல் வாரத்தில் இந்த மஞ்சள் காண்கிறது. கருவறையில் வளர்ந்த சிசுவின் இரத்தத்தில் சிவப்பணுக்கள் மிகுதி; அவற்றின் ஆயுளும் குறைவு. அவை சிதையும்போது உண்டாகும் பிலிருபின் என்னும் மஞ்சள் பொருளைப் பக்குவப்படுத்தி வெளியேற்றும் ஆற்றல் கல்லீரலுக்கு முதல் சில தினங்களில் முழுமையாக வந்திருப்பதில்லை. ஆகவே அது இரத்தத்தில் தேங்கித் தோலில் நிறம் காட்டுகிறது. இந்த மட்டில் பயமில்லை. ஆனால் அதே பொருள் ஓர் அளவுக்கு மேல் பெருகி மூளைக்குள் புகுந்துவிடுமானால், செவிப்புலனையும் அங்க அசைவுகளையும் ஆயுள் முழுதும் குலைத்துவிடும். எந்தச் சிசுவின் மஞ்சள் சாதாரணம், எந்தச் சிசுவின் மஞ்சள் விபரீதம் என்று பகுத்தறிவதே இவ்விஷயத்தில் வைத்தியத்தின் முழு வேலை.

அந்தப் பகுத்தறிவு மருத்துவமனை ஏட்டில் எவ்வாறு பதிவாகிறது, பதிவானது எவ்வாறு குறியீடாகிறது என்பதே இக்கட்டுரையின் விஷயம். அமெரிக்க தேசத்து ஆஸ்பத்திரிகளின் முறையையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஏனெனில் இக்கலை மிக விரிவாக வளர்ந்திருப்பது அங்கேதான். அந்த ஏடுகளில் ஒரு பங்கை வாசித்துக் குறியீடு இடுகிறவர்களோ சென்னையிலும் கோயம்புத்தூரிலும் திருச்சியிலும் கணினியின் முன் அமர்ந்திருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள். உயிரியலோ, செவிலியமோ, மருந்தியலோ படித்துப் பட்டம் பெற்று, மெடிக்கல் கோடிங் தேர்வு எழுதி, தாம் என்றும் காணப்போகாத ஒரு சிசுவின் கதையை இரவும் பகலும் வாசிக்கிறார்கள். சிசுவுக்கும் அவர்களுக்கும் இடையே இருப்பது வைத்தியரின் சொல் ஒன்றே.

நோய்களுக்கு எண்ணிட்டு வகைப்படுத்தும் முயற்சி புதிதன்று. மரணக் காரணங்களுக்கு ஒரு சர்வதேசப் பட்டியலை 1893ஆம் ஆண்டில் பெர்த்தியோன் என்ற பிரெஞ்சு அறிஞர் சமர்ப்பித்தார். அதுவே பலமுறை திருத்தம் பெற்று ஐ.சி.டி. என்று வழங்குகிறது. அதன் பத்தாம் பதிப்பை உலக சுகாதாரப் பேரவை 1990இல் அங்கீகரித்தது. அமெரிக்கா அதைத் தன் தேவைக்கு விரித்துக்கொண்டு, 2015 அக்டோபர் 1ஆம் தேதி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. உலகத்துக்கான பதினோராம் பதிப்பு 2022 ஜனவரியில் அமலுக்கு வந்துவிட்டபோதிலும், அமெரிக்க ஏடுகள் பத்தாம் பதிப்பிலேயே நடக்கின்றன.

இப்பதிப்பில் சிசுக் காமாலை ஓரிடத்தில் இல்லை. காரணத்தை ஒட்டிப் பிரிந்து கிடக்கிறது. தாயின் இரத்தத்துக்கும் சிசுவின் இரத்தத்துக்கும் ஒவ்வாமையால் சிவப்பணுக்கள் அழிந்தால் பி55, அதிலும் ஆர்.ஹெச். காரணமானால் பி55.0, ஏ, பி, ஓ பிரிவுகள் காரணமானால் பி55.1. மூளை பாதிக்கப்பட்ட நிலை, கெர்னிக்டெரஸ் எனப்படுவது, பி57. இரத்தக் கன்றல், இரத்தக் கசிவு, தொற்று, இரத்தம் மிகுதியாகத் தடித்துப்போதல், மருந்து ஆகியவற்றால் அணுக்கள் சிதைந்து வந்தது பி58. குறைமாதப் பிறப்பை ஒட்டியது பி59.0; தாய்ப்பாலில் உள்ள ஒரு தடுப்புப் பொருளால் வந்தது பி59.3. காரணம் இன்னதென்று சொல்லப்படாமல் நிற்பதெல்லாம் பி59.9.

இந்தக் கடைசி எண்ணைச் சற்று நின்று நோக்கவேண்டும். உடலின் இயற்கையால் வந்து போகும் சாதாரணக் காமாலைக்கும் இதுவே குறியீடு. காரணம் தேடப்படாத காமாலைக்கும் இதுவே குறியீடு. காரணம் தேடிக் கண்டும் வைத்தியர் எழுத மறந்த காமாலைக்கும் இதுவே குறியீடு. தீர ஆராய்ந்து, இது இயற்கையே என்று ஒரு வைத்தியர் தெளிந்து எழுதியதும், காரணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாமல் மற்றொருவர் விட்டுச் சென்றதும் புள்ளிவிவரத்தில் ஒரே உருவம் பெறுகின்றன. எண்ணைப் பார்த்து இவ்விரண்டையும் ஒருவராலும் பிரிக்க முடியாது. என் அபிப்பிராயத்தில் இந்தப் பட்டியலின் பெரிய குறை இதுதான். ஆனால் அதை நிவர்த்தி செய்யும் சக்தி பட்டியலை ஆக்கியவர்களிடம் இருப்பதைக் காட்டிலும் ஏட்டை எழுதுகிறவர்களிடமே அதிகம் இருக்கிறது.

ஒரு குறிப்பேட்டைக் கண்முன் வைத்துக்கொள்வோம். தாயின் இரத்தம் ஓ பாசிட்டிவ். சிசுவின் இரத்தம் ஏ பாசிட்டிவ். பரிசோதனைச் சாலையின் பக்கத்தில், சிசுவின் அணுக்கள்மீது தாயின் எதிர்ப்பொருள் படிந்திருப்பதைக் காட்டும் கூம்ப்ஸ் பரிசோதனை பாசிட்டிவ் என்று இருக்கிறது. 18ஆம் மணியிலேயே பிலிருபின் உயர்ந்திருக்கிறது. செவிலியின் குறிப்பில் நீல விளக்கின் கீழ் சிசுவைக் கிடத்திய நேரமும், கண்ணுக்குக் கட்டுப் போட்டதும், பால் கொடுக்க எடுத்த நேரங்களும் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் முடிவில் வைத்தியரின் நிர்ணயம் ஒரே சொல்லில் நிற்கிறது: ‘காமாலை’.

இதை வாசிக்கும் கோடருக்கு உண்மை பளிச்சென்று தெரிகிறது. ஆயினும் பி55.1 என்று எழுத அவருக்கு அதிகாரமில்லை. பரிசோதனை முடிவை நோயென்று பொருள் கொள்ளுதல் வைத்தியரின் உரிமை. சிசுவுக்குச் சிகிச்சை தந்த வைத்தியர் எழுதிய நிர்ணயத்துக்கே குறியீடு இடலாம் என்பது இத்தொழிலின் ஆதார விதி. ஆகவே நியாயமான வழி ஒன்றே உண்டு: வைத்தியருக்கு க்வெரி அனுப்புதல். அந்த வினாவும் ‘ஒவ்வாமைக் காமாலை என்று எழுதுவீர்களா’ என்று விடையைக் கையில் கொடுத்துக் கேட்பதாக இருக்கக்கூடாது. ஏட்டில் கண்ட இரத்தப் பிரிவுகளையும், கூம்ப்ஸ் முடிவையும், பிலிருபின் அளவுகளையும், விளக்குச் சிகிச்சையையும் எடுத்துக்காட்டி, இக்காமாலைக்குக் காரணம் தங்கள் கருத்தில் யாதென்று தெரிவிக்கக் கேட்டு, பொருந்தக்கூடிய காரணங்களையும், வேறு காரணம், நிர்ணயிக்க இயலவில்லை என்பவற்றையும் சேர்த்தே முன்வைக்க வேண்டும். வினாவுக்குப் பதில் வராமல் ஏட்டை மூட வேண்டிய கெடு வந்துவிட்டால், அணுக்கள் அழிந்து வந்த அந்தக் காமாலை பி59.9 என்றே உலகத்துக்குத் தெரியவரும்.

காரணத்தை எழுதுதல் பணம் வசூலிக்கும் காரியத்துக்கே அவசியம் என்று எண்ணுகிறவர்கள் உண்டு. அது பெரும் பிழை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022இல் புதுக்கி வெளியிட்ட நெறிமுறையில், எந்த அளவில் விளக்குச் சிகிச்சை தொடங்கவேண்டும் என்பதற்குக் கருவயது வாரம் தவறாமல் கோடுகள் வரைந்திருக்கிறார்கள். அவற்றோடு, மூளைக்கு ஆபத்தை மிகுவிக்கும் காரணங்கள் உள்ள சிசுவுக்குத் தனிக் கோடுகள், தாழ்ந்த அளவிலேயே சிகிச்சை தொடங்கும்படி, வேறாக உள்ளன. இரத்த ஒவ்வாமையும், ஜி6பிடி என்னும் நொதியின் குறைவும், தொற்று நச்சும், ஆல்புமின் 3.0க்குக் கீழே இறங்குதலும் அந்தக் காரணங்களில் சேர்ந்தவை. ஆகவே ‘ஒவ்வாமை’ என்ற சொல் ஏட்டில் இல்லாவிட்டால், இரவு முறைக்கு வரும் வைத்தியர் தவறான கோட்டைப் பார்த்துச் சிசுவை விளக்கில்லாமல் விட்டுவிட இடமுண்டு. கோடருக்கு எண்ணைத் தரும் அதே சொல்தான் அடுத்த வைத்தியருக்கு எச்சரிக்கையையும் தருகிறது.

காரணத்துக்கும் காமாலைக்கும் இடையே கட்டவேண்டிய இணைப்பு பல ஏடுகளில் விடுபட்டுப்போகிறது. வாக்குவம் வைத்து எடுத்த சிசுவின் தலையில் பெரிய இரத்தக் கன்றல் என்று உடற்பரிசோதனையில் ஓரிடத்திலும், காமாலை என்று முடிவுரையில் வேறோரிடத்திலும் இருக்கும். கன்றல் ‘காரணமாக’ வந்த காமாலை என்று அந்த ஒரு சொல்லைச் சேர்த்தால் பி58.0 கிடைக்கும், சேர்க்காவிட்டால் இரண்டும் தனித்தனியே நிற்கும். குறைமாதச் சிசுவின் விஷயத்திலும், இத்தனை வாரத்தில் பிறந்தது என்பதோடு, குறைமாதத்தை ஒட்டிய காமாலை என்றும் வைத்தியரே எழுதினால்தான் பி59.0 தன் இடத்தில் அமரும்.

தாய்ப்பால் விஷயத்தில் நுட்பம் இன்னும் கூடுதலானது. முதல் சில தினங்களில் பால் போதிய அளவு சுரக்காமலோ, சிசு சரியாகப் பற்றி உறிஞ்சாமலோ எடை இறங்கி, மலம் கழிவது குறைந்து, பிலிருபின் குடலிலிருந்து மீண்டும் இரத்தத்துக்குத் திரும்புவதால் வரும் காமாலை ஒன்று. பால் நிறையக் குடித்து, எடை ஏறி, கொழுகொழுவென்று வளரும் சிசுவுக்கு ஒரு வாரம் கடந்தபின் பாலின் தன்மையால் தங்கி நிற்கும் காமாலை மற்றொன்று. ஆங்கிலத்தில் இவ்விரண்டின் பெயர்களும் ஒரு சொல்லின் பாதியளவே வேறுபடுவதால், அவசரத்தில் எழுதும் கை ஒன்றுக்கு மற்றொன்றை எழுதிவிடுகிறது. பி59.3 இரண்டாவதற்கே உரியது. முதலாவதில் பாலூட்டுவதில் நேர்ந்த சிரமத்துக்குப் பி92.5 என்ற தனி எண் உண்டு. நீர்வறட்சி இருந்தால் அதுவும் தனியே எழுதப்படவேண்டும். இதில் பிழை நேர்ந்தால் பாதிக்கப்படுகிறவள் தாய். பால் போதவில்லை, சிசுவைப் பற்றவைக்கக் கற்றுக்கொடுங்கள் என்று உதவிபெற வேண்டியவளுக்கு, உன் பாலே காரணம் என்ற தீர்ப்பு ஏட்டிலே ஏறிவிடுகிறது.

இனி, சாதாரண மஞ்சளை எழுதத்தான் வேண்டுமா என்ற நெடுங்காலத்து வாதம். அமெரிக்கக் கோடிங் விதிகளின்படி, பிறந்த சிசுவிடம் காணும் ஒரு நிலை மருத்துவ முக்கியத்துவம் பெற்றதாக இருந்தால் மட்டுமே அதற்குக் குறியீடு இடலாம். மருத்துவப் பரிசீலனை தேவைப்பட்டதா, சிகிச்சை நடந்ததா, பரிசோதனை செய்யப்பட்டதா, ஆஸ்பத்திரியில் தங்கும் காலம் நீண்டதா, செவிலியின் கவனிப்பு கூடியதா என்ற ஐந்தோடு, வளர்ந்தவர்களின் விதியில் இல்லாத ஆறாவது ஒன்றும் சிசுவுக்கு உண்டு: பிற்கால மருத்துவத் தேவைக்கு இது அறிகுறியாகிறதா என்பது. இவற்றில் ஒன்று போதும். ‘லேசான மஞ்சள்’ என்று பரிசோதனையின்போது கண்டு எழுதிவிட்டு வைத்தியர் மேலே ஒன்றும் செய்யாவிட்டால், அது வெறும் வர்ணனை. மஞ்சளைக் கண்டு, அதன்பொருட்டு இரத்தம் எடுத்து அளந்து, நாளை மறுபடியும் அளக்கவேண்டும் என்று உத்தரவிட்டு, அதை ஒரு நிர்ணயமாகவும் எழுதினால் அது குறியீட்டுக்கு உரியதாகிவிடும். ஆயினும் வீட்டுக்கு அனுப்புமுன் எல்லாச் சிசுக்களுக்கும் வழக்கமாக எடுக்கும் பிலிருபின் அளவை மட்டும் காட்டி, இதோ பரிசோதனை செய்திருக்கிறார்கள் என்று காமாலையைச் சேர்த்துவிடுவது முறையன்று. நெற்றியிலோ மார்பெலும்பின்மீதோ சிறு கருவியை வைத்துத் தோல் வழியாக அளக்கும் சோதனை எல்லார்க்கும் பொதுவானது. நோயை நிறுவ அது சாட்சியாகாது.

பணத்தின் நிழல் இவ்விடத்தில் விழுகிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆரோக்கியமான சிசு என்ற தொகுதிக்கு ஒரு கட்டணமும், வேறு முக்கியப் பிரச்சினை உள்ள சிசு என்ற தொகுதிக்கு வேறு கட்டணமும் இருப்பதால், எண்ணை உயர்த்தும் ஆசையும் தாழ்த்தும் வற்புறுத்தலும் இரண்டும் உண்டு. இரண்டையும் தடுப்பது நேர்மையாக எழுதப்பட்ட ஏடு ஒன்றே.

காரணத்துக்கு அடுத்தபடி நான் வலியுறுத்த விரும்புவது மணி. சிசுக் காமாலையில் நாள் கணக்குப் பயன்படாது. மணிக் கணக்கே வேண்டும். 100 மில்லிலிட்டருக்கு 8 மில்லிகிராம் பிலிருபின் என்ற ஒரே அளவு, 24ஆம் மணியில் கண்டால் மிக உயர்ந்த வரிசையில் நிற்கிறது. 72ஆம் மணியில் கண்டால் நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பக்கூடிய தாழ்ந்த வரிசைக்குப் போய்விடுகிறது. புத்தானியும் அவர் சகாக்களும் 1999இல் வெளியிட்ட மணிவாரி வரைபடம் இதைத் தெளிவாகக் காட்டியது. பின்வந்த நெறிமுறைகள் எல்லாம் மணியையே அளவுகோலாகக் கொண்டன. பிறந்த முதல் நாளில் மணிக்கு 0.3 மில்லிகிராமும், அதன்பின் மணிக்கு 0.2 மில்லிகிராமும் ஏறினால் அணுக்கள் சிதைகின்றன என்று சந்தேகிக்கவேண்டும் என்பது 2022 நெறி. இரு அளவுகளும் எடுத்த மணி ஏட்டில் இல்லையேல் இந்த ஏற்றத்தை எவ்வாறு கணக்கிடுவது? இரவு 11 மணிக்குப் பிறந்த சிசுவை மறுநாள் காலை 9 மணிக்குப் பார்க்கும் ஒருவர் ‘இரண்டாம் நாள் காமாலை’ என்று எழுதுகிறார். தேதி மாறியிருப்பதால் அது வழக்குக்குப் பொருந்தும். ஆனால் அந்தச் சிசுவுக்கு வயது 10 மணி. முதல் 24 மணிக்குள் தோன்றும் மஞ்சளை ஒருநாளும் இயற்கையென்று விட்டுவிடக்கூடாது. ‘இரண்டாம் நாள்’ என்ற அந்த இரு சொற்கள் ஓர் அவசரத்தைச் சாதாரணமாக்கிவிட்டன.

சிகிச்சையைப் பதிவதிலும் நேரம் முக்கியம். நீல விளக்குச் சிகிச்சைக்கு அமெரிக்க முறையில் ஏழு எழுத்தளவில் ஒரு செய்முறைக் குறியீடு உண்டு. ஒருமுறை நடந்ததா, பலமுறை நடந்ததா என்பதைப் பொறுத்து அதன் ஐந்தாம் இடம் மாறும். தொடங்கிய மணியும் நிறுத்திய மணியும், நிறுத்தியபின் மீண்டும் தொடங்கியதா என்பதும் இல்லாமல் இதை இட முடியாது. இச்சிகிச்சையே ஒரு செவிலியின் கூர்ந்த நோக்கிலிருந்து பிறந்தது என்பதை இங்கே நினைவுகூரத் தோன்றுகிறது. இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் பிராந்தியத்து ராச்ஃபோர்டு ஆஸ்பத்திரியில், குறைமாதச் சிசுக்களின் பொறுப்பிலிருந்த சிஸ்டர் வார்டு என்ற செவிலி, நல்ல வெயிலுள்ள நாட்களில் சிசுக்களைத் தள்ளுவண்டியில் வைத்து முற்றத்துக்குக் கொண்டுபோவது வழக்கம். 1956இல் ஒருநாள் அப்படி வெளியே இருந்து வந்த ஒரு சிசுவைத் துணி நீக்கிக் காட்டினார்: உடம்பெங்கும் மஞ்சள் வெளிறியிருக்க, துணியின் மூலை மூடியிருந்த இடம் மட்டும் முக்கோணமாக ஆழ்ந்த மஞ்சளில் நின்றது. அந்த ஆஸ்பத்திரியின் கிரெமரும் சகாக்களும் ஒளியின் பயனை ஆராய்ந்து 1958இல் வெளியிட்டார்கள். கண்டதைக் கண்டபடியே அவர் எடுத்துச் சொன்னதனால்தான் அது வைத்தியமாயிற்று.

கெர்னிக்டெரஸ் என்ற பெயரை எழுதும்போது கை நிதானிக்கவேண்டும். மூளையின் ஆழ்ந்த பாகங்கள் மஞ்சளாகியிருப்பதை ஓர்த் என்ற ஜெர்மானிய நோய்க்கூற்று வல்லுநர் 1875இல் கண்டு எழுதினார், பெயரிட்டவர் ஷ்மோர்ல். பிரசவமான ஓரிரு தினங்களில் தாயையும் சேயையும் வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் பரவியபின் இந்நோய் மீண்டும் தலைகாட்டவே, அமெரிக்காவில் ஆஸ்பத்திரிகளை அங்கீகரிக்கும் ஜாயின்ட் கமிஷன் 2001இல் எச்சரிக்கை விடுத்தது. இவ்வளவு பாரதூரமான நோயைப் பற்றிய ஒரு விதியைப் பலர் அறிவதில்லை. உள்நோயாளியாக இருந்தவரின் விடுவிப்புக் குறிப்பில் ‘இருக்கலாம்’, ‘சந்தேகிக்கப்படுகிறது’ என்று ஒரு நோயின் பெயர் நின்றுவிட்டால், அது இருப்பதாகவே குறியீடு இடப்படும்; வெளிநோயாளிக்கு இவ்விதி இல்லை. பிலிருபின் 26 வரை ஏறி, இரத்தம் மாற்றும் நிலைக்கு நெருங்கி, பின் விளக்கினாலேயே இறங்கி, நரம்புப் பரிசோதனையில் குறையொன்றும் இல்லாமல் வீடு திரும்பும் சிசுவின் விடுவிப்புக் குறிப்பில், முதல் இரவின் பயத்தில் எழுதிய ‘கெர்னிக்டெரஸ் இருக்கலாம்’ என்ற வரி அப்படியே நகலாகி வந்துவிட்டால், அச்சிசுவின் பெயரில் பி57 ஏறிவிடும். சந்தேகித்து ஆராய்ந்து இல்லையென்று தீர்ந்ததற்கு இசட்05 என்ற வேறு வகை உண்டு. இல்லையென்று தீர்ந்ததை, இல்லையென்றே தேதியிட்டு எழுதவேண்டும்.

ஏட்டின் மற்ற ஒழுங்குகள் சுருக்கமானவை. பிறந்த ஆஸ்பத்திரியில், பிறந்த சமயத்துக்கு, பிறப்பையே குறிக்கும் இசட்38 என்ற எண் ஒருமுறை மட்டுமே முதலிடம் பெறும்; நான்காம் நாள் மஞ்சளுடன் திரும்பிவரும் சிசுவுக்குக் காமாலையே முதலிடம். ஜி6பிடி குறைவு இரத்தசோகையின்றி இருந்தால் 2019 அக்டோபர் முதல் டி75.ஏ என்ற எண் உண்டு. அதைச் சேர்க்க மறக்கலாகாது, ஏனெனில் அக்குறை சிசுவுடன் வளர்ந்து பெரியவராகும். பிறப்பையொட்டிய பருவத்துக்கான எண்கள் 28 நாளோடு முடிந்துவிடுவதாகச் சிலர் நினைக்கிறார்கள். அக்காலத்தில் தோன்றிய நிலை நீடிக்குமானால் அந்த எண்ணும் உடன் நீடிக்கும்.

நீடிக்கும் மஞ்சளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி நிறுத்துகிறேன். இதுகாறும் சொன்ன காமாலைகள் அநேகமாகப் பக்குவப்படாத பிலிருபினால் வருபவை. கல்லீரல் பக்குவப்படுத்திய பிலிருபின் வெளியேற வழியின்றித் தேங்குவது வேறு இனம்; பித்தக் குழாய் அடைந்துபோன பிறவிக் குறை, கியூ44.2, அதில் தலையானது. ஜப்பானிய அறுவை நிபுணர் கசாய் 1959இல் வெளியிட்ட சிகிச்சை, பிறந்து 60 நாளுக்குள் செய்யப்பட்டால்தான் நல்ல பலன் தருகிறது. அந்தச் சிசுக்களும் முதலில் பார்ப்பதற்குச் செழிப்பாகவே இருப்பார்கள். தாய்ப்பால் மஞ்சள், தானே போகும் என்று பி59.3 எழுதி அனுப்பிவிட வெகு எளிது. தாய்ப்பால் குடிக்கும் சிசுவின் மஞ்சள் மூன்று நான்கு வாரமாகியும், புட்டிப்பால் குடிக்கும் சிசுவின் மஞ்சள் இரண்டு வாரமாகியும் போகாவிட்டால், பிலிருபினை இரு கூறாகப் பிரித்து அளக்கவேண்டும் என்பது நெறி. வைத்தியர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: அந்த வாரத்தில் உங்கள்முன் கொண்டுவரப்படும் மஞ்சள் சிசுவின் ஏட்டில், பிரித்து அளந்த இரு எண்களையும், சிறுநீர் துணியில் கறை படிகிறதா என்பதையும், மலத்தின் நிறத்தையும் உங்கள் கையாலேயே எழுதுங்கள், மலம் வெளுத்திருந்தால் வெளுத்திருக்கிறது என்றே எழுதுங்கள்.